தேயாத லிஃப்ட்

கட்டடம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள், மொட்டை மாடியில் நின்று காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று ஆராய்வார்கள். அவன் நேராக லிஃப்டின் மெஷின் ரூமுக்குப் போவான். இருபத்தேழு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் சொந்தக்காரர் எவ்வளவு சுத்தமானவர், எவ்வளவு கஞ்சர் என்பதையெல்லாம் அந்த அறையின் எண்ணெய்க் கறையே சொல்லிவிடும் என்பது அவன் நம்பிக்கை. இதுவரை அவனும் அக்காவும் சேர்ந்து வாங்கிய மூன்று சிறிய வீடுகளிலும் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

நான்காவதாக வந்தது வீடு அல்ல, முழுக் கட்டடம். ஆறு மாடி, மாடிக்கு இரண்டாகப் பன்னிரண்டு வீடுகள். பதினொன்றில் ஆள் இருப்பதாக வாடகைப் பட்டியல் சொன்னது. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு எட்டுக்கு மேல் வரும். அவர்களுடைய மற்ற வீடுகளில் ஐந்து வந்தாலே அது நல்ல வருடம். கட்டடத்தைக் கொண்டுவந்த தரகருக்கு அக்காவும் தம்பியும் வைத்திருந்த பெயர் நாளைக்காரர். எந்தச் சொத்தைக் காட்டினாலும், அதற்கு இன்னொருவர் நாளைக்கு முன்பணத்தோடு வருவதாகச் சொல்வார். பத்து வருடத்தில் அந்த இன்னொருவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

வாங்குவதானால் கையிலிருக்கும் மூன்று வீடுகளில் இரண்டை விற்க வேண்டும். மீதிக்கு, அக்கா குடியிருக்கும் வீட்டின் பேரில் கடன் வாங்க வேண்டும். கணவர் இறந்தபின் அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்த வீடுதான். அதன் கடைசித் தவணையைக் கட்டிய அன்று பத்திரத்தை வாங்கி, உறையிலிருந்து எடுத்து ஒருமுறை படித்துவிட்டு அலமாரியில் வைத்தவள், அதற்குப் பிறகு அதைத் தொட்டதில்லை.

அவனுடைய அவசரத்துக்குக் காரணம் வேறு. இரண்டு வருடமாக வலது முழங்கால் சரியில்லை. லிஃப்ட் கூண்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கினால் ஏறி வருவதற்குள் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. போன வருட மருத்துவப் பரிசோதனையில் இரண்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து காட்டித் தப்பித்தான். அடுத்த பரிசோதனைக்கு ஐந்து மாதம் இருந்தது. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு வீட்டு வாடகையில் தன் பங்கு வந்தால், கம்பெனி கண்டுபிடிப்பதற்குள் தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர்கள் சொத்து பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. அக்கா காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே கோப்பை விசாரித்தவரே முடிவும் எடுக்கக் கூடாது. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். சொத்தைக் கொண்டு வருபவர் ஆளும் கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. ஏன் வாங்கக் கூடாது என்று எதிர்க்கட்சி ஏழு காரணங்களைத் தாளில் எழுதித் தர வேண்டும். ஆளும் கட்சி அதை இடையில் நிறுத்தாமல் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகுதான் வாதம். விலை மாறினால் அது புதுச் சொத்து. கட்சிகளும் இடம் மாறும். ஏழு என்ற எண்ணுக்கு எந்த மகிமையும் இல்லை. முதல் தடவை அவளுக்கு ஏழு தோன்றியது, அதுவே சட்டமாகிவிட்டது. இதனால் சில நேரம் ஐந்தாவது, ஆறாவது காரணங்களாகப் படிக்கட்டின் நிறம், பக்கத்து வீட்டு நாய் என்று எதையாவது இட்டு நிரப்ப வேண்டி வரும். அவன் மனைவியையும் ஒருமுறை உட்காரச் சொன்னார்கள். "உங்க ரெண்டு பேர் பார்லிமென்டுல எனக்கு சீட் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவின் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். அவளுடைய தாளில் ஆறு காரணங்கள்தான் இருந்தன. எல்லாப் பணமும் ஒரே கட்டடத்தில் போய் முடங்கும் என்பது முதலாவது. கடனின் வட்டி ஏறலாம் என்பது இரண்டாவது. வாடகை ஒப்பந்தங்களில் எட்டு ஒரே மாதத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பது நான்காவது. அதற்கு அவன் பதில் வைத்திருந்தான். சொந்தக்காரர் அந்த மாதம்தான் எல்லா ஒப்பந்தத்தையும் புதுப்பித்தாராம், நாளைக்காரர் சொன்னார். ஏழாவது இடம் காலியாக இருந்தது.

ஆறோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. பேனாவை மூடாமல், கட்டடத்தில் எது அவனுக்கு ரொம்பப் பிடித்தது என்று கேட்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"லிஃப்டுதான்க்கா. ஒன்பது வருஷ லிஃப்டுன்னு சொன்னா நம்ப மாட்டே. இரும்பு வடம் ஒரு நூல்கூடத் தேயலை. கதவு உருளை எல்லாம் முதல்ல போட்டதே இருக்கு. பிரேக் கட்டை, பட்டன், எல்லாம் கடையிலேருந்து இப்பதான் எடுத்து வந்த மாதிரி. இன்னும் பத்து வருஷத்துக்கு நமக்குச் செலவே கிடையாது."

"நீ பாத்துக்கிற மத்த கட்டடத்துல ஒன்பது வருஷத்துல எப்படி இருக்கும்?"

"வடம் ஒரு தடவை மாத்தியிருப்போம். உருளை மூணு தடவையாவது. கீழ்த்தளத்துப் பட்டன்ல எழுத்தே இருக்காது, அந்த அளவுக்கு..."

அத்துடன் நின்றுவிட்டான். அக்கா பேனாவைத் தாளின் மேல் வைத்தாள்.

"பதினோரு குடும்பம் இருக்குங்கிறே," என்றாள். "எல்லாரும் படியேறியா போறாங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தான். லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஓர் எண் திரை இருக்கும். லிஃப்ட் ஓடும் ஒவ்வொரு ஓட்டத்தையும் அது எண்ணிக்கொண்டே போகும். பெட்டியைத் திறந்தால் அந்த எண்ணைத் தேதியோடு குறித்துக்கொள்வது மெக்கானிக்குகளின் பழக்கம். கை தானாகச் செய்கிற காரியம், மூளைக்கு அதில் பங்கில்லை. அந்தக் கட்டடத்தின் எண்ணும் நோட்டில் இருந்தது. ஒன்பது நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவன் அலைந்திருக்கிறான்.

அன்று மாலையே போனான். கடைசி அரை மாடிக்கு மெஷின் ரூம் வரை இரும்பு ஏணி. ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு ஏறினான். எண்ணைப் பார்த்தான். பழைய எண்ணைக் கழித்தான். ஒன்பது நாளில் நூற்றெழுபத்தொன்று. ஒரு நாளைக்குப் பத்தொன்பது ஓட்டம். பதினோரு குடும்பம் இருந்தால் எண்பதுக்குக் குறையாது. பத்தொன்பது என்றால் மூன்று குடும்பம். அதிலும் ஒன்று வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத குடும்பம்.

சொந்தக்காரர் மரச்சாமான் தொழிற்சாலை வைத்திருந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, தாழ்ந்த குரல். அக்காவும் தம்பியும் அவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து எண்ணைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, அந்த எண் எங்கே தெரியும் என்று மட்டும் விசாரித்தார். இத்தனை வருடம் லிஃப்ட் வைத்திருந்தும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். எட்டு வீடுகளை அவருடைய தொழிற்சாலையே ஊழியர்களுக்கென்று எடுத்திருக்கிறது. மாதாமாதம் வாடகை கட்டுகிறது. ஊழியர்கள் யாரும் வந்து குடியேறவில்லை, அவ்வளவுதான். ரசீதுகளில் பொய் ஒன்றும் இல்லை. ரசீதின் இரண்டு முனையிலும் ஒரே ஆள் இருந்தார்.

நாளைக்காரர் மூலையில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு யாரும் வருவதாக அன்று அவர் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் எழும்போது சொந்தக்காரர் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பதாகச் சொன்னார். கதவு வரை போனவர்கள் நின்றார்கள். வெளியே வந்து தெருவில் இறங்கியதும் அக்கா, "விலை மாறிடுச்சு," என்றாள். அவனுக்குப் புரிந்தது. கட்சி மாற வேண்டும். இனி வாங்கலாம் என்று வாதாட வேண்டியவள் அவள். மறுப்பு எழுத வேண்டியவன் அவன்.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. நான்கே நாளில் அந்தக் கட்டடத்துக்கு ஒரு புது வடிவம் கொடுத்துவிட்டாள். தொழிற்சாலை எடுத்த எட்டு வீடுகளுக்கும் ஒரு வருடம் வாடகை தொடர வேண்டும், அதற்கு ஈடாக விலையில் ஒரு பகுதியை வக்கீலிடம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டு, சொந்தக்காரரைச் சம்மதிக்கவும் வைத்தாள். அந்த ஒரு வருடத்துக்குள் எட்டில் ஐந்து வீடு நிஜமாக நிரம்பினால் போதும், நூற்றுக்கு ஆறு நிற்கும். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அவள் குரலில் லேசான உற்சாகம்கூட இருந்தது. அவள் சொன்ன எல்லாமே சரியாக இருந்ததுதான் அவனுக்குச் சங்கடம். சும்மா ஏழு காரணத்தை இட்டு நிரப்பிவிட்டு வாதத்தில் தோற்றுப்போனால் கட்டடம் கைக்கு வந்துவிடும். முழங்காலும் பிழைத்துவிடும். எதிர்க்கட்சி வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்கிற விதி எதுவும் அவர்களிடம் இல்லை.

ஆனாலும் ஒரு மதிய நேரம் அந்தத் தெருவுக்குப் போனான். இரண்டாம் மாடியில் நிஜமாகவே குடியிருந்த ஒரு தையல்காரம்மாவைப் பார்த்தான். மற்ற வீடுகள் ஏன் காலி என்று கேட்டான். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினார். ஆற்றின் மேல் புதுப் பாலம் வந்தபின் பேருந்து அந்த வழியாகப் போய்விட்டது. நிறுத்தத்துக்கு நடந்து போக அரை மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

"நீங்க ஏன் போகலை?" என்று கேட்டான்.

"எனக்கு பஸ் எதுக்குங்க? துணி என்னைத் தேடி வருது," என்றார். பிறகு அவன் நின்ற விதத்தைப் பார்த்து, "மொதல்ல உட்காருங்க, அந்தக் காலுக்கு ஏன் இவ்வளவு பாரம் குடுக்கறீங்க?" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

தையல்காரம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது என்பது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மெஷின் ரூமில், எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தாளை எழுதினான். பேருந்து திரும்பி வராது. ஒரு வருடத்தில் ஐந்து வீடு நிரம்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு தடவை மறைத்தவர் இன்னும் எதை மறைத்திருக்கிறார் என்று தெரியாது. வட்டி ஏறலாம். மூன்று இடத்தில் இருக்கும் பணத்தை ஏன் ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். அடமானம் வைப்பது அக்கா தூங்குகிற வீடு. ஆறு காரணம் இட்டு நிரப்பாமலே வந்தது. ஏழாவதை எழுதுவதற்குள் கீழே யாரோ இரண்டு முறை லிஃப்டை அழைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இந்த முறை படிக்க வேண்டியவள் அவள். அலுவலகத்தில் கோப்பு படிக்கும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒன்றிலிருந்து ஆறு வரை படித்தாள். நிறுத்தாமல் ஏழாவதுக்கும் போனாள்.

"ஏழு. வாங்கலாம்னு நினைக்கிறவனுக்கு முழங்கால் போயிடுச்சு. மெடிக்கல் டெஸ்ட் வரதுக்குள்ள வேலையை விட்டுடணும்னுதான் இந்தக் கட்டடத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கான். பயத்துல பாக்கிறவன் கண்ணுக்கு லிஃப்ட் புதுசாத்தான் தெரியும். அவன் சொல்ற எதையும் நம்ப வேண்டாம்."

படித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய ஒரு டம்ளரைக் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல வாய் வந்துச்சு. முழங்காலைச் சொல்ல வரலையா?"

அவன் மேசையிலிருந்த தாளை மடித்து, மறுபடி பிரித்தான்.

"எங்க ஆபீஸ்ல இதுக்கு என்ன பண்ணுவோம் தெரியுமா? நோயை மறைச்சு பாலிசி எடுத்தா, பணம் ஒரு பைசா கிடையாது. ஆள் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் சரி. நானே எத்தனை கோப்பை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன். அந்த மரச்சாமான்காரர் பண்ணதுக்கும் நீ பண்ணதுக்கும் என்னடா வித்தியாசம்?"

"அவர் விலையைக் குறைச்சார்," என்றான் அவன். சிரிக்க வைக்கலாம் என்றுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "நீ எதைக் குறைக்கப் போறே?" என்று கேட்டாள்.

வாதம் என்று ஒன்று அன்று நடக்கவில்லை. முதல் ஆறு காரணத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. அந்தக் குறிப்புகளை எழுதி வைத்திருந்த தாளும் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை. சொத்தில் இருக்கிற ஆபத்துக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம், பணத்தை வக்கீலிடம் நிறுத்தி வைக்கலாம், வாங்குகிறவனிடமே இருக்கிற ஆபத்துக்கு அப்படி எதுவும் செய்ய முடியாது என்று அவள் சொன்னாள். நாளைக்காரருக்கு அவளே தொலைபேசியில் தகவல் சொன்னாள். வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை.

அவன் கிளம்பும்போது அவள் கதவு வரை வந்தாள். மூன்று வீடும் அப்படியே இருக்கட்டும், வாடகையில் தன் பாதியை இரண்டு வருடத்துக்கு அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். இனாம் இல்லை, கணக்கு எழுதித்தான் தருவேன் என்றும் சொன்னாள். ஆனால் திங்கட்கிழமை அவன் மேற்பார்வையாளரிடம் முழங்காலைப் பற்றிச் சொன்ன பிறகுதான். சொல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

"வேலை போயிடும்க்கா."

"போகட்டும். அது எனக்குத் தெரிஞ்சு போகட்டும்."

லிஃப்ட் கம்பெனியின் கிளை அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அதைச் சொல்லிச் சிரிக்காத மெக்கானிக் கிடையாது. திங்கட்கிழமை காலை அவன் அந்த முப்பத்திரண்டு படிகளையும் ஏறி மேற்பார்வையாளரின் முன்னால் நின்றான். அவனைவிட ஒன்பது வயது சின்னவர், அவனிடமே வேலை கற்றவர், இருந்தும் நாற்காலியில் உட்காரும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

அவன் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"தெரியும்ண்ணே," என்றார். "ஒரு வருஷமா உங்களுக்குக் குழி வேலை அதிகம் போடலையே, பாக்கலையா? பசங்கதான் மாத்தி மாத்திப் போறாங்க. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவனுக்கு அது தோன்றவே இல்லை. போன வருடத்தில் மூன்று முறையோ நான்கு முறையோதான் குழிக்குள் இறங்கியிருப்பான். அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தான்.

மேற்பார்வையாளர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஏற்கெனவே பாதி நிரப்பி வைத்திருந்தது. உதிரிபாகக் கிடங்கில் வேலை. இரண்டு நிலை கீழே. சம்பளத்தில் ஏறக்குறைய கால்வாசி குறையும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் கம்பெனி பாதிச் செலவு கொடுக்கும். சிகிச்சைக்குப் பிறகு காலைப் பொறுத்துப் பார்க்கலாம், வாக்குறுதி எதுவும் தர முடியாது.

அவன் படிவத்தை இரண்டு முறை படித்தான். ஓய்வூதியம் பழைய சம்பளத்திலா புதுச் சம்பளத்திலா என்று கேட்டான். புதியதில் என்றார் மேற்பார்வையாளர், அதில் தன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கிடங்கு எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டான். தரைத்தளம். பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது வேலை தொடங்கும் நேரம். மெக்கானிக்குகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். முதலில் வலது காலை இறக்கி, அந்தப் படியிலேயே இடது காலையும் சேர்த்து, பிறகுதான் அடுத்த படிக்குப் போனான். படி குறுகல். மேலே வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். அவன் அவசரப்படவில்லை.